நூறு ஆண்களில் எத்தனை பேருக்கு விறைப்புக் குறைபாடு?

கடையில் கூட்டம் கரையும் வரை ஓரமாக நிற்பவர்களை எனக்குப் பார்த்ததுமே தெரிந்துவிடும். முதலில் ஒரு பாராசிட்டமால் அட்டை கேட்பார்கள். அப்புறம் ஒரு இருமல் மிட்டாய். காசு கொடுத்த பிறகும் நகர மாட்டார்கள். கடைசி ஆளும் போனதும் கவுண்டர் கண்ணாடிமேல் குனிந்து, "தம்பி, அந்த மாத்திரை இருக்கா?" என்பார்கள். எந்த மாத்திரை என்று நான் கேட்பதில்லை. டாக்டர் சீட்டு இருக்கிறதா என்று மட்டும் கேட்பேன். பாதிப் பேர் அந்தக் கேள்வியிலேயே திரும்பிப் போய்விடுவார்கள்.

பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் மருந்துக் கடை வைத்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அப்படிக் கேட்டவர்களில் லாரி ஓட்டுபவர் உண்டு, பள்ளிக்கூட வாத்தியார் உண்டு, கல்யாணமாகி மூன்று மாதமே ஆன பையனும் உண்டு. அத்தனை பேருக்கும் ஒரே நினைப்புதான்: ஊரிலேயே நமக்கு மட்டும்தான் இப்படி.

அது தவறான நினைப்பு. ஆனால் எத்தனை பேருக்குத்தான் இருக்கிறது என்று தேடிப் பார்த்தால் தலை சுற்றும். ஓரிடத்தில் பாதி ஆண்களுக்கு என்று இருக்கும், இன்னோரிடத்தில் ஐந்தில் ஒருவருக்கு. இளைஞர்களிலேயே நாலில் ஒருவருக்கு என்று ஒருவர் பயமுறுத்துவார். உலகம் முழுக்க 32 கோடிப் பேர் என்று இன்னொருவர் சொல்வார். இவை எல்லாமே நிஜமான ஆய்வுகளிலிருந்து கிளம்பிய எண்கள்தான். ஒவ்வொன்றும் ஒவ்வொரு கேள்விக்கான பதில். கேள்வியை விட்டுவிட்டுப் பதிலை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு ஓடுவதால்தான் இவ்வளவு குழப்பம்.

முதலில் பெயர்

நம் ஊரில் எல்லாவற்றையும் "ஆண்மைக் குறைவு" என்ற ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறோம். அந்த மூட்டைக்குள் குறைந்தது மூன்று வேறு விஷயங்கள் இருக்கின்றன.

உடலுறவுக்குப் போதுமான அளவு ஆணுறுப்பு விறைக்காமல் போவது, அல்லது விறைத்தாலும் முடியும் வரை நிற்காமல் போவது, அதுவும் ஒரு நாள் கூத்தாக இல்லாமல் தொடர்ந்து நடப்பது, இதற்குப் பெயர் விறைப்புக் குறைபாடு. சீக்கிரமே விந்து வந்துவிடுவது விந்து முந்துதல். அது வேறு பிரச்சினை, வைத்தியமும் வேறு. குழந்தை உண்டாகாததற்கு விந்தில் உயிரணு குறைவாக இருப்பது ஒரு காரணம், அது மூன்றாவது. விறைப்பில் சிக்கல் உள்ளவருக்கு உயிரணு நன்றாகவே இருக்கலாம். உயிரணுவே இல்லாதவருக்கு விறைப்பில் எந்தக் குறையும் இல்லாமல் இருக்கலாம். ஒன்றை வைத்து மற்றொன்றை ஊகிக்கவே முடியாது. குழந்தையில்லாத ஆணை ஊர் எந்தக் கண்ணோடு பார்க்கிறது என்று யோசித்தால், இந்தச் சொல் குழப்பம் எத்தனை பேரைக் காயப்படுத்தியிருக்கும் என்று புரியும்.

தொடர்ந்து என்பதையும் சொல்லிவிடுகிறேன். களைப்பு, குடி, வீட்டில் சண்டை, கடன்காரன் தொல்லை, புது இடம், எதுவானாலும் ஒரு இரவைக் கெடுக்கும். அது எல்லா ஆண்களுக்கும் எப்போதாவது நடப்பதுதான். மூன்று மாதம், ஆறு மாதம் என்று அளவுகோலுக்கு அளவுகோல் வித்தியாசம் இருந்தாலும், சில மாதங்களாகப் பெரும்பாலான முறை இப்படித்தான் ஆகிறது என்றால்தான் மருத்துவர்கள் அதைக் குறைபாடு என்கிறார்கள். 1992இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர் மாநாடு, ஆண்மையற்ற என்ற பொருள்படும் பழைய ஆங்கிலச் சொல்லை விட்டுவிட்டு இந்தப் பெயரைப் பயன்படுத்தச் சொன்னதும் இதனால்தான். ஒரு உறுப்பின் வேலையில் உள்ள குறை வேறு, அந்த மனிதன் வேறு.

நரைமுடிக் கணக்கு

இப்போது எண்ணிக்கைக்கு வருவோம். உங்கள் தெருவில் எத்தனை பேருக்கு நரை இருக்கிறது என்று எண்ணச் சொன்னால் என்ன செய்வீர்கள்? காதோரம் ஒரே ஒரு முடி வெளுத்திருந்தால் சேர்ப்பீர்களா? தலை முழுக்கப் பஞ்சாக இருந்தால்தான் சேர்ப்பீர்களா? இது முதல் சிக்கல். எங்கே நின்று எண்ணுவீர்கள்? கல்லூரி ஹாஸ்டல் வாசலில் நின்றால் ஒரு கணக்கு வரும், பென்ஷன் வாங்குகிற வரிசையில் நின்றால் வேறு கணக்கு வரும். இது இரண்டாவது. மூன்றாவதாக, சாயம் அடித்தவர்கள் இருக்கிறார்கள். கேட்டால் நரையே இல்லை என்பார்கள்.

விறைப்புக் குறைபாட்டுக் கணக்கிலும் இதே மூன்று சிக்கல்கள்தான். எவ்வளவு குறைந்தால் குறை? எந்த வயதுக்காரர்களை எண்ணினோம்? எத்தனை பேர் உள்ளபடி சொன்னார்கள்?

ஒரு குறிப்பிட்ட கூட்டத்தில், ஒரு குறிப்பிட்ட நேரத்தில், நூற்றுக்கு எத்தனை பேருக்கு ஒரு நிலை இருக்கிறது என்ற கணக்குக்குப் பரவல் விகிதம் என்று பெயர். கூட்டத்தைச் சொல்லாமல் விகிதத்தை மட்டும் யாராவது சொன்னால், அந்த எண்ணை அப்படியே கீழே வைத்துவிடலாம்.

"பாதி ஆண்களுக்கு" என்ற எண் எங்கிருந்து வந்தது

1987 முதல் 1989 வரை அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தைச் சுற்றியுள்ள ஊர்களில், 40 முதல் 70 வயது வரையுள்ள ஆண்களிடம் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. மாசசூசெட்ஸ் ஆண் முதுமை ஆய்வு என்று அதற்குப் பெயர். ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களைப் பிடித்துக் கேட்காமல், ஊரில் சாதாரணமாக வாழ்பவர்களைத் தேர்ந்தெடுத்து வீட்டுக்கே போய்க் கேட்டார்கள். அதனால்தான் இன்று வரை அதற்கு மதிப்பு. இந்தக் கேள்விகளுக்கு 1,290 பேர் பதில் தந்தார்கள். 1994இல் முடிவு வெளியானது: 52 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு அளவில் குறைபாடு.

அந்த 52ஐப் பிரித்துப் பார்க்க வேண்டும். 17 சதவீதம் பேருக்கு லேசான குறை. 25 சதவீதம் பேருக்கு நடுத்தரம். விறைப்பே இல்லை என்ற நிலை 10 சதவீதம் பேருக்குத்தான். லேசான குறை என்பது காதோர நரை மாதிரி. பெரும்பாலான நாட்களில் வாழ்க்கை நன்றாகத்தான் ஓடும். அதைக் கழித்துவிட்டால் 52 என்பது 35 ஆகிவிடுகிறது. ஆய்வு ஒன்றுதான், ஆட்களும் அவர்களேதான். கோட்டை எங்கே போடுகிறோம் என்பதில்தான் இத்தனை வித்தியாசம்.

அதே ஆய்வில் வயதுக் கணக்கும் உண்டு. முழுக் குறைபாடு 40 வயதில் 5 சதவீதமாக இருந்தது 70 வயதில் 15 சதவீதமானது, அதாவது மூன்று மடங்கு. லேசான குறை மட்டும் வயது ஏறினாலும் அதே 17இல் நின்றது. பிற்பாடு அவர்களையே சில வருஷம் கழித்துப் பார்த்தபோது, ஆயிரம் பேருக்கு ஆண்டுக்குச் சுமார் 26 பேர் வீதம் புதிதாக இந்தப் பட்டியலில் சேர்ந்தது தெரிந்தது.

அந்த ஆய்வில் இருந்தவர்கள் பெரும்பாலும் வெள்ளைக்கார ஆண்கள். அவர்கள் சாப்பாடு வேறு, உடல்வாகு வேறு. அந்த எண்ணைத் தூக்கி அப்படியே தமிழ்நாட்டு ஆண்கள் தலையில் வைக்க நான் தயாரில்லை. திசை எது என்று அறிய மட்டும் அது போதும்.

"ஐந்தில் ஒருவர்" எங்கிருந்து வந்தது

2001, 2002 ஆண்டுகளில் அமெரிக்க அரசின் தேசிய உடல்நலக் கணக்கெடுப்பில் 20 வயதுக்கு மேற்பட்ட ஆண்களிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள். விறைப்பு வந்து நிற்பது எப்படி இருக்கிறது: எப்போதும் முடிகிறதா, பெரும்பாலும் முடிகிறதா, சில சமயம் முடிகிறதா, முடிவதே இல்லையா? கடைசி இரண்டைச் சொன்னவர்களை மட்டும் கணக்கில் சேர்த்தார்கள். விடை 18.4 சதவீதம்.

பாஸ்டனில் 52, இங்கே 18. பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் அமெரிக்க ஆண்கள் குணமாகிவிட்டார்கள் என்று அர்த்தமில்லை. இங்கே 20 வயதுப் பையன்களும் கூட்டத்தில் இருக்கிறார்கள், "பெரும்பாலும் முடிகிறது" என்றவர்களை விட்டுவிட்டார்கள், அவ்வளவுதான். ஹாஸ்டல்காரர்களும் பென்ஷன்காரர்களும் கலந்து நிற்கிற வரிசை இது. வயதுவாரியாகப் பிரித்தால் 20 முதல் 39 வரை உள்ளவர்களில் சுமார் 5 சதவீதம், 70க்கு மேல் சுமார் 70 சதவீதம்.

இந்தக் கணக்கெடுப்பில் என்னை உட்கார வைத்த எண் வேறொன்று. சர்க்கரை நோய் உள்ள ஆண்களை மட்டும் தனியாக எடுத்தபோது, அவர்களில் பாதிப் பேருக்கு இந்தக் குறைபாடு இருந்தது. குறைபாடு உள்ளவர்களில் கிட்டத்தட்ட பத்தில் ஒன்பது பேருக்குச் சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, கொழுப்பு, புகை, இவற்றில் குறைந்தது ஒன்றாவது இருந்தது. கொஞ்ச நேரத்தில் இதற்குத் திரும்ப வருகிறேன்.

இதுவரை பார்த்ததைக் கோர்த்துக்கொள்வோம். 40 வயதுக்குக் கீழே நூற்றுக்குச் சிலர். நாற்பதுகளிலும் ஐம்பதுகளிலும் கோட்டை எங்கே போடுகிறோம் என்பதைப் பொறுத்து எண் ஏறி இறங்கும், எப்படிப் போட்டாலும் அது சின்ன எண் இல்லை. எழுபதைத் தாண்டினால் பெரும்பான்மை. ஒரு ஐம்பது வயதுக்காரர் தனக்கு மட்டும்தான் என்று நினைத்தால், அவர் பயணம் செய்கிற டவுன் பஸ்ஸிலேயே இன்னும் சிலர் அதையே நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

தப்பாகப் படிக்கப்படும் இரண்டு எண்கள்

"இளைஞர்களில் நாலில் ஒருவருக்கு" என்பது இத்தாலியில் நடந்து 2013இல் வெளியான ஒரு ஆய்வைத் தலைகீழாகப் படித்ததால் வந்தது. அந்த ஆய்வு சொன்னது என்ன? விறைப்புக் குறைபாட்டுக்காக முதன்முறையாக மருத்துவமனைக்கு வந்த 439 பேரில், நாலில் ஒருவர் 40 வயதோ அதற்குக் கீழோ. அங்கே வந்தவர்கள் எல்லோருமே அந்தக் குறையோடு வந்தவர்கள். கண் ஆஸ்பத்திரி வரிசையில் நின்று எண்ணி, நாலில் ஒருவர் காலேஜ் பையன் என்று தெரிந்தால், காலேஜ் பையன்களில் நாலில் ஒருவருக்குக் கண் தெரியவில்லை என்றா சொல்வோம்? இந்த ஒரு புரட்டலை வைத்துக்கொண்டு எத்தனை லேகியம் விற்கிறார்கள் என்று பார்க்கும்போது எனக்கு நிஜமாகவே கோபம் வருகிறது.

அந்த ஆய்வில் இன்னொரு நல்ல செய்தி இருக்கிறது. இளம் வயதினரும் வாயைத் திறந்து டாக்டரிடம் வருகிறார்கள்.

"32 கோடி" என்பது யாரும் எண்ணிப் பார்த்த எண்ணே இல்லை. 1995இல் உலகில் 15.2 கோடிப் பேருக்கு இது இருந்திருக்கும், மக்கள் தொகையும் வயதும் கூடுவதால் 2025இல் 32.2 கோடி ஆகும் என்று 1999இல் ஒரு குழு மதிப்பிட்டது. பாஸ்டன் விகிதத்தை உலக மக்கள் தொகையின் மேல் வைத்துப் பெருக்கியதுதான் அடிப்படை. முன்கூட்டிப் போட்ட பட்ஜெட்டை வரவு செலவுக் கணக்கு என்று காட்டுவது போல இது சுற்றிக்கொண்டிருக்கிறது.

வயலும் மடையும்

இவ்வளவு பேருக்கு ஏன் வருகிறது என்று புரிய, விறைப்பு எப்படி நடக்கிறது என்று தெரிந்தாக வேண்டும்.

நெல் வயலுக்குத் தண்ணீர் கட்டுகிறவர் இரண்டு வேலை செய்வார். வாய்க்காலிலிருந்து மடையைத் திறப்பார். வயலின் மறு ஓரத்தில் வடிகாலை மண்போட்டு அடைப்பார். மடை திறந்தும் வடிகால் அடைபடாவிட்டால் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும், வயல் நிரம்பாது. மடையே சரியாகத் திறக்காவிட்டால் வடிகாலை அடைத்தும் பயனில்லை.

ஆணுறுப்புக்குள் நீளவாக்கில் பஞ்சு போன்ற இரண்டு திசுக்கள் இருக்கின்றன. அவைதான் வயல். ரத்தம் கொண்டுவரும் தமனிகள் மடை, ரத்தத்தைத் திருப்பி எடுத்துப் போகும் சிரைகள் வடிகால். வடிகாலை அடைக்கத் தனியாக ஆள் இல்லை. சைக்கிள் டயருக்குள் ட்யூப் இருக்கிற மாதிரி, அந்தப் பஞ்சைச் சுற்றி ஒரு கெட்டியான உறை இருக்கிறது. பஞ்சில் ரத்தம் நிரம்பி அது உப்பும்போது, உறைக்கும் பஞ்சுக்கும் நடுவில் ஓடும் சிரைகள் நசுங்கி அடைபட்டுவிடும். உள்ளே வந்த ரத்தம் வெளியே போக வழியில்லாமல் நிற்கிறது. விறைப்பு என்பது இதுதான்.

சரி, மடையைத் திறப்பது யார்? அங்கேதான் நம் ஊர்ப் பேச்சு முழுக்கத் தலைகீழாகிவிட்டது.

சாதாரண நேரத்தில் அந்தப் பஞ்சிலும் தமனிகளின் சுவரிலும் உள்ள தசைகள் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும். மடை மூடியே இருக்கும். ஆசை எழும்போதோ தொடும்போதோ நரம்பு வழியாகச் செய்தி வருகிறது. நரம்பு முனைகளும் ரத்தக்குழாயின் உள்பூச்சும் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைச் சிறிதளவு வெளியிடுகின்றன. "பிடியை விடு" என்று தசைக்குச் சொல்லும் தூதுவன் அது. தசை தளர்கிறது, குழாய் விரிகிறது, ரத்தம் பாய்கிறது. ரத்தக்குழாயில் இந்த வாயு தூது போகிறது என்று கண்டுபிடித்த ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் மூவருக்கும் 1998இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

ஆக, விறைப்பு வருவதற்கு உள்ளே தசை தளர வேண்டும். சுவரிலும் பஸ் ஸ்டாண்டு கழிப்பறையிலும் ஒட்டுகிற போஸ்டர்கள் இதை "நரம்புத் தளர்ச்சி" என்கின்றன. தளர்வதால் வந்த பிரச்சினை இல்லை இது. பெரும்பாலும், தளர வேண்டிய தசை தளராததால் வந்த பிரச்சினை. நரம்பு தளர்ந்துவிட்டது என்ற பயத்தில் ஒருவர் இன்னும் இறுகிப் போகிறார். பயத்தில் சுரக்கும் அட்ரினலின் அந்தத் தசையை இறுக்கித்தான் வைக்கும். சொல்லே நோயைக் கூட்டுகிறது.

சுருக்கமாக: செய்தி அனுப்ப மூளையும் நரம்பும் வேண்டும், தூது போக நைட்ரிக் ஆக்சைடு வேண்டும், ரத்தம் கொண்டுவர நல்ல குழாய் வேண்டும், அடைத்து நிறுத்தப் பஞ்சும் உறையும் சரியாக இருக்க வேண்டும். இவற்றில் எது கெட்டாலும் வெளியே தெரிவது ஒன்றுதான். இத்தனை வாசல் இருப்பதால்தான் இத்தனை பேருக்கு வருகிறது.

சிறிய குழாய்தான் முதலில் அடைபடும்

உப்புத் தண்ணீர் ஊரில் சொட்டுநீர்ப் பாசனம் போட்டவர்களைக் கேளுங்கள். மெயின் பைப் வருஷக்கணக்காக ஓடும். சொட்டும் சின்னத் துவாரம்தான் முதலில் அடைபடும். உப்பு எல்லாக் குழாயிலும் ஒரே மாதிரிதான் படிகிறது. சிறியதில் சீக்கிரம் தெரிந்துவிடுகிறது.

ஆணுறுப்புக்குப் போகும் தமனியின் உள் அகலம் 1 முதல் 2 மில்லிமீட்டர். இதயத்துக்கு ரத்தம் தரும் தமனி 3 முதல் 4 மில்லிமீட்டர். சர்க்கரை, கொதிப்பு, கொழுப்பு, பீடி சிகரெட் எல்லாம் இரண்டையும்தான் கெடுக்கின்றன. சிறியதில் முதலில் வெளிப்படுகிறது. இதய நோய் உள்ள பலரைக் கேட்டுப் பார்த்ததில், நெஞ்சுவலி வருவதற்கு இரண்டு முதல் ஐந்து வருஷம் முன்பே விறைப்பில் சிக்கல் தொடங்கியிருப்பதை மருத்துவர்கள் கவனித்திருக்கிறார்கள். எல்லோருக்கும் அப்படி ஆகும் என்றில்லை. ஆனால் அந்த இடைவெளியில் இதயத்தைக் காப்பாற்ற நேரம் இருக்கிறது. அதை லேகியத்துக்குக் கொடுத்துவிடுகிறோம் என்பதுதான் என் மனத்தாங்கல்.

எனக்கு மறக்க முடியாத ஒருவர் உண்டு. லேத் பட்டறை வைத்திருந்தார், வயது 48. வழக்கம் போலக் கூட்டம் கரைந்ததும் அதே கேள்வி. சீட்டு இல்லாமல் தர மாட்டேன் என்றேன். முகம் சுருங்கிவிட்டது.

"அண்ணே, ராத்திரி எத்தனை தடவை ஒண்ணுக்குப் போக எந்திரிக்கிறீங்க?"

"மூணு நாலு தடவை. அதுக்கும் இதுக்கும் என்ன தம்பி?"

கடையில் இருந்த சர்க்கரை பார்க்கும் மெஷினில் விரல் நுனியைக் குத்திப் பார்த்தோம். காலையில் சாப்பிட்டு நாலு மணி நேரம் ஆகியிருந்தது. 286 காட்டியது. அவர் அந்த எண்ணையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கு முந்தைய வருஷம், ஊர் ஊராக லாட்ஜில் ரூம் போட்டு உட்காரும் ஒரு வைத்தியரிடம் மூன்று மாதத்துக்கு நாற்பதாயிரம் ரூபாய்க்குப் பொடி வாங்கித் தின்றிருக்கிறார். ஒருவரும் அவருக்குச் சர்க்கரை பார்க்கவில்லை.

2023இல் வெளியான நாடு தழுவிய ஆய்வு ஒன்று, இந்தியாவில் 10 கோடிக்கு மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது என்று சொன்னது. அதில் ஆண்கள் எத்தனை கோடி, அவர்களில் எத்தனை பேர் மெடிக்கல் ஷாப் ஓரத்தில் நிற்பார்கள் என்று நினைத்தால், இது தனி மனித வெட்கமாக இருக்கவே முடியாது.

இளம் வயதில் வரும்போது

முப்பதுக்குக் கீழே உள்ளவருக்குக் குழாய் அடைத்திருக்கும் வாய்ப்பு குறைவு. அங்கே பெரும்பாலும் தூது கிளம்பும் இடத்தில் சிக்கல்: பதற்றம், மனச்சோர்வு, முதலிரவு பயம், "கைப்பழக்கத்தால் எல்லாம் போய்விட்டது" என்ற குற்ற உணர்ச்சி. சுய இன்பம் நரம்பைக் கெடுக்காது, விந்து வெளியேறுவதால் சக்தி வடிந்துவிடாது. உடல் தினமும் புதிதாக உற்பத்தி செய்துகொண்டேதான் இருக்கிறது. ஒரு தடவை தோற்றால் அடுத்த தடவை படுக்கையிலேயே பரீட்சை எழுதுவது போல ஆகிவிடுகிறது. பரீட்சை பயத்தில் அட்ரினலின், அட்ரினலினால் இறுக்கம், மறுபடி தோல்வி.

ஒரு எளிய தடயம் இருக்கிறது. ஆரோக்கியமான ஆணுக்குத் தூக்கத்தில், கனவு காணும் கட்டங்களில், இரவில் மூன்று முதல் ஐந்து முறை தானாகவே விறைப்பு வரும். விடியற்காலையில் எழும்போது இருப்பது அதில் கடைசி. தூக்கத்தில் பயம் இல்லை, பரீட்சை இல்லை. காலையில் நன்றாக விறைப்பு இருந்து, துணையோடு இருக்கும்போது மட்டும் வராவிட்டால், குழாயும் நரம்பும் பெரும்பாலும் நன்றாக இருக்கின்றன என்று அர்த்தம். காலை விறைப்பும் மெதுவாகக் குறைந்துகொண்டே வந்தால், உடம்பில் தேட வேண்டும். இது தீர்ப்பு இல்லை, தடயம்தான். இரண்டும் கலந்தும் வரும். சர்க்கரையில் தொடங்கி, பயத்தில் முற்றிப் போனவர்கள் நிறைய.

மாத்திரை பற்றிக் கொஞ்சம்

கவுண்டர் மேல் குனிந்து கேட்கிற அந்த மாத்திரை பெரும்பாலும் சில்டெனாஃபில். இங்கிலாந்தில் நெஞ்சுவலிக்காகச் சோதித்த மருந்து அது. பக்க விளைவாக இது தெரிய வந்தது. 1998 மார்ச்சில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இது மடையைத் தானாகத் திறக்காது. நைட்ரிக் ஆக்சைடு சொன்ன செய்தியை அழிக்கும் ஒரு நொதி உடம்பில் இருக்கிறது. மாத்திரை அந்த நொதியைத் தடுத்து, செய்தி கொஞ்ச நேரம் கூடுதலாக நிற்க வைக்கிறது. செய்தியே கிளம்பாவிட்டால், அதாவது ஆசையே எழாவிட்டால், மாத்திரை ஒன்றும் செய்யாது.

ஒரு விஷயத்தை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை எடுப்பவர் இதை எடுத்தால் ரத்த அழுத்தம் படுபாதாளத்துக்கு இறங்கி உயிரே போகலாம். நான் சீட்டு கேட்பது இதற்காகத்தான். "இயற்கை மூலிகை" என்று விற்கும் பொடிகளிலும் கேப்சூல்களிலும் சொல்லாமல் கொள்ளாமல் இதே சில்டெனாஃபிலைக் கலந்திருப்பதை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை பல முறை பிடித்திருக்கிறது. மூலிகை என்று நம்பித் தின்னும் இதய நோயாளியின் நிலையை யோசித்துப் பாருங்கள். நம் நாட்டிலும் உடலுறவுச் சக்தியைக் கூட்டும் என்று மருந்துக்கு விளம்பரம் செய்யக் கூடாது என 1954லேயே சட்டம் வந்துவிட்டது. போஸ்டர்கள் இன்னும் ஒட்டப்படுகின்றன.

மாத்திரைக்கு முன்னால் செய்யக் கூடியதும் உண்டு. 2004இல் வெளியான இன்னொரு இத்தாலிய ஆய்வில், உடல் பருமனும் விறைப்புக் குறைபாடும் உள்ள 110 ஆண்களை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். எடை குறைக்கவும் நடக்கவும் முறையாக வழிகாட்டப்பட்ட குழுவில், இரண்டு வருஷத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு விறைப்பு பழைய நிலைக்குத் திரும்பியது. பொதுவான ஆலோசனை மட்டும் பெற்ற குழுவில் அப்படித் திரும்பியவர்கள் ஒரு சிலரே.

டாக்டரிடம் எப்படிச் சொல்வது

முதலில் குடும்ப டாக்டரே போதும். தேவைப்பட்டால் அவர் யூராலஜிஸ்டிடம், அதாவது சிறுநீர்ப் பாதை, ஆணுறுப்புப் பிரச்சினைகளைப் பார்க்கும் டாக்டரிடம், அனுப்புவார். நிறையப் பேர் உள்ளே போய் "உடம்பு அசதியா இருக்கு டாக்டர்" என்று சொல்லி, விட்டமின் மாத்திரை எழுதி வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். "டாக்டர், விறைப்பு சரியா வரலை, ஆறு மாசமா இருக்கு" என்று இவ்வளவு சொன்னால் போதும். வாயில் வராவிட்டால் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி நீட்டுங்கள். அவர் அதை அன்றைக்கே இரண்டாவது தடவையாகக் கேட்பவராகக் கூட இருக்கலாம்.

காலையில் விறைப்பு இருக்கிறதா, திடீரென்று வந்ததா மெதுவாக வந்ததா என்று கேட்பார். சர்க்கரை, கொழுப்பு, ரத்த அழுத்தம் பார்ப்பார். தேவை என்றால் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் அளவும் பார்க்கச் சொல்வார். அதற்குக் காலையிலேயே ரத்தம் கொடுக்க வேண்டும், ஏனென்றால் அந்த நேரத்தில்தான் அது உச்சத்தில் இருக்கும். நீங்கள் சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டு போங்கள். ரத்தக் கொதிப்புக்கும் மனச்சோர்வுக்கும் தருகிற சில மருந்துகள் விறைப்பைக் குறைக்கலாம். மாற்று மருந்தும் உண்டு. ஆனால் இதைப் படித்துவிட்டு நீங்களாகவே கொதிப்பு மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

முடிந்தால் மனைவியையும் கூட்டிக்கொண்டு போங்கள். லேத் பட்டறைக்காரர் அப்படித்தான் போனார். திரும்பி வரும் வழியில் இருவரும் கடைக்கு வந்தார்கள். சீட்டை என்னிடம் நீட்டியது அந்த அக்காதான். மேலே இரண்டு வரி சர்க்கரை மாத்திரை, கீழே ஒரு வரி "அந்த மாத்திரை". கடையில் அப்போது நாலு பேர் நின்றிருந்தார்கள். அக்கா மூன்று வரியையும் சாதாரணமாக வாசித்துவிட்டு, எதை எப்போது சாப்பிட வேண்டும் என்று கேட்டார்.